கம்பி கழற்றிய கையோடு பல்லை வெளுக்கலாமா?

ஒன்றரை வருடம், இரண்டு வருடம் என்று வாயில் கம்பியைச் சுமந்தவர்கள், அதைக் கழற்றும் நாளில் வரிசையான பல்லை மட்டும் எதிர்பார்ப்பதில்லை. பளிச்சென்ற பல்லையும் எதிர்பார்க்கிறார்கள். வரிசை கிடைத்துவிடுகிறது. பளிச்சென்ற நிறம் பலருக்குக் கிடைப்பதில்லை. கம்பியைத் தாங்கும் பிராக்கெட் ஒட்டியிருந்த இடம் ஒரு நிறம், அதைச் சுற்றி வேறொரு நிறம், ஈறோரம் சுண்ணாம்பு வெள்ளையில் திட்டுகள். அன்று மாலையே கைபேசியில் தேடல் தொடங்குகிறது: எலுமிச்சையும் சமையல் சோடாவும், கரிப் பற்பசை, நீல விளக்கோடு வரும் ஜெல் பெட்டி. வீட்டிலேயே பல்லை வெளுப்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. முறையாகச் செய்தால் அதனால் பலன் உண்டு, பெரிய ஆபத்தும் இல்லை. ஆனால் கம்பி கழன்ற பல்லில் தெரியும் நிறக்குறை பல நேரங்களில் வெளுத்துத் தீர்கிற குறையே அல்ல. எது என்ன குறை என்று பார்த்துச் சொல்லும் கடமை, கம்பி போட்ட கிளினிக்குக்கு இருக்கிறது. கழற்றிய நாளோடு அந்தக் கடமை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் நோயாளிகளைச் சமையலறைக்கும் ஆன்லைன் கடைக்கும் அனுப்புகிறது.

பல்லுக்கு என்ன நடந்திருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பல்லின் மேலுறையான எனாமல், எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாது. நம் உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான். ஆனால் அதில் உயிரணு கிடையாது. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும். எனாமல் தேய்ந்தால் தேய்ந்ததுதான். அதன் வழவழப்பான பரப்பில் பிசின் உறுதியாக ஒட்டாது. அமெரிக்கப் பல் ஆராய்ச்சியாளர் மைக்கேல் பூனோகோர், பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சற்று அரித்துச் சொரசொரப்பாக்கினால் பிசின் கவ்விக்கொள்ளும் என்று 1955-இல் காட்டினார். இன்றும் பிராக்கெட் ஒட்டுவது பெரும்பாலும் அந்த வழியில்தான். 37 சதவீத அமில ஜெல்லை அரை நிமிடம் வரை பூசிக் கழுவிக் காயவைத்தால் பல்லின் முகப்பு மங்கிய வெண்மைக்கு மாறும். அதன் நுண்துளைகளுக்குள் பிசின் இறங்கி, விளக்கொளி பட்டு இறுகும். கழற்றும்போது பிராக்கெட் வந்துவிடும். பிசினில் ஒரு பகுதி பல்லிலேயே நின்றுவிடும். அதை டங்ஸ்டன் கார்பைடு பர் வைத்து மெல்லச் சீவியெடுத்து, பாலிஷ் போட வேண்டும். நிதானம் கேட்கும் வேலை இது. வரவேற்பறையில் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள் என்று அவசரமாக முடித்தால், மெல்லிய பிசின் படலம் அங்கங்கே தங்கிவிடும். பல்லின் நிறத்திலேயே இருப்பதால் அன்றைக்கு அது கண்ணில் படாது. டீ, காபி, குழம்பு மஞ்சள் எல்லாம் சில வாரங்கள் ஏறிய பிறகே பழுப்பாகத் தெரியவரும். பிசினின் நிறத்தை வெளுப்பு ஜெல் மாற்றுவதில்லை. அதற்கு இன்னொரு முறை நாற்காலியில் உட்கார்ந்து பாலிஷ் போட்டுக்கொள்வதுதான் வழி.

அடுத்தது வெள்ளைத் திட்டு. நோயாளிகளை அதிகம் கலங்கவைப்பது இதுதான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். பிராக்கெட்டைச் சுற்றிப் படியும் பாக்டீரியா, நாம் சாப்பிடும் சர்க்கரையை அமிலமாக்குகிறது. பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து தாது கரைந்து வெளியேறுகிறது. மேற்பரப்பு அப்படியே இருக்க, அடியில் நுண்ணிய வெற்றிடங்கள் உண்டாகின்றன. இது சொத்தையின் முதல் படி. சரியாகத் துலக்காவிட்டால் கம்பி போட்ட நான்கே வாரங்களில் இது தொடங்கிவிடும். 1982-இல் வெளியான கோர்லிக், கைகர், க்வின்னெட் ஆய்வு, கம்பி சிகிச்சை முடித்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஒரு பல்லிலாவது இத்தகைய திட்டு இருந்ததைக் கண்டது. கம்பி போடாதவர்களில் அது சுமார் நான்கில் ஒருவருக்கு இருந்தது. திட்டு வெள்ளையாகத் தெரிவதற்கு அழுக்கோ சாயமோ காரணமில்லை, ஒளியின் போக்கே காரணம். நல்ல எனாமலின் ஒளிவிலகல் எண் 1.62, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. வெற்றிடத்தில் எச்சில் நிறைந்திருக்கும்வரை வித்தியாசம் குறைவு. ஈரம் போய்க் காற்று புகுந்ததும் ஒளி சிதறி, அந்த இடம் வெள்ளையாக எழுந்துவருகிறது. அதனால்தான் பல் மருத்துவர் காற்றுக் குழாயால் சில விநாடிகள் ஊதிக் காயவைத்துப் பார்க்கிறார். காய்ந்தால் மட்டும் தெரிகிற திட்டு ஆழம் குறைந்தது. ஈரமாக இருக்கும்போதே தெரிவது ஆழமானது. ஆக, அது வெளுப்பு போதாத இடம் அல்ல; ஏற்கெனவே வெளுத்துப்போன, பலம் குறைந்த இடம். வெளுப்பு ஜெல்லில் உள்ள பெராக்சைடைப் பூசினால் முதல் சில நாட்களில் திட்டு இன்னும் எடுப்பாகத் தெரிவதைத்தான் பலர் காண்கிறார்கள்.

வேறு காரணங்களும் உண்டு. கம்பி காலத்தில் ஈறு வீங்கியதற்காகக் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கொப்பளித்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை படியும். அது வெளிக்கறை, கிளீனிங் செய்தாலே போய்விடும். மேலே ஏறி நின்ற சிங்கப்பல் இப்போது வரிசைக்குள் வந்திருக்கும். கோரைப்பல் இயல்பிலேயே முன்பற்களைவிட மஞ்சள் கூடியது. முன்பு ஓரமாக இருந்ததால் கவனிக்காத அந்த நிறம், பக்கத்தில் வந்து நின்றதும் கண்ணை உறுத்துகிறது. அது நோயல்ல, கறையுமல்ல. ஒரே ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமாக இருந்தால் கதை வேறு: உள்ளே நரம்பு செத்திருக்கலாம், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும், ஜெல் பூசிக்கொண்டு இருப்பது நாளைக் கடத்துவது. தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் ஃப்ளூரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குக் கம்பி போடும் முன்பே வெள்ளைக் கோடுகளோ பழுப்புத் திட்டுகளோ இருந்திருக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அங்கு வந்ததே இந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான். ஃப்ளூரைடு கறை இருபக்கமும் ஒத்த பற்களில் ஒரே மாதிரி, கலங்கலாகப் பரவியிருக்கும். கம்பியால் வந்த திட்டு பிராக்கெட்டின் சதுரத் தடத்தை நடுவில் விட்டுவிட்டு, அதைச் சுற்றியும் ஈறோரமும் வளைந்து கிடக்கும். இதைப் பிரித்தறிய ஐந்து நிமிடம் போதும். ஆனால் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். கம்பி போடும் முன் எடுத்த புகைப்படமும் வேண்டும்.

கழற்றிய பின் முதல் சில மாதங்கள் ஏன் முக்கியம் என்றால், அப்போது எச்சில் தன் வேலையைச் செய்கிறது. எச்சிலில் கால்சியமும் பாஸ்பேட்டும் உண்டு. பிராக்கெட் என்ற தடை போய், பிரஷ் எல்லா இடத்துக்கும் எட்டியதும் அந்தத் தாதுக்கள் வெற்றிடங்களுக்குள் ஓரளவு திரும்புகின்றன. பல திட்டுகள் மங்குகின்றன, சில மறைந்தேவிடுகின்றன. தினமும் இரண்டு வேளை சாதாரண ஃப்ளூரைடு பற்பசை இதற்குக் கைகொடுக்கும். முன்பற்களில் தெரியும் திட்டுகள் மேல் எடுத்த எடுப்பில் செறிவு மிகுந்த ஃப்ளூரைடு வார்னிஷ் பூசுவதைப் பல வல்லுநர்கள் தவிர்க்கச் சொல்கிறார்கள்: மேற்பரப்பு சட்டென்று இறுகி மூடிக்கொண்டால் அடியிலுள்ள வெற்றிடம் அப்படியே உறைந்து, திட்டு நிரந்தரமாகிவிடும் என்பது காரணம். மூன்று நான்கு மாதங்கள் கழித்தும் மங்காத திட்டுகளுக்கு, துளைகளுக்குள் மெல்லிய பிசினை இறக்கி ஒளிவிலகலைச் சமப்படுத்தும் சிகிச்சை இருக்கிறது. இந்த வரிசையில் வெளுப்பு எங்கே வர வேண்டும் என்பது பல்லுக்குப் பல் மாறும். முதலில் வரக்கூடாது என்பது மட்டும் மாறாது.

இவ்வளவு சொன்ன பிறகு பெராக்சைடுக்கு நியாயம் செய்தாக வேண்டும். வீட்டில் பல் வெளுக்கும் முறையே கம்பி சிகிச்சையிலிருந்து பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1960-களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பல் சீரமைப்பு நிபுணராக இருந்த பில் க்ளூஸ்மையர், கம்பி கழற்றிய நோயாளிகளின் ஈறு வீக்கத்துக்காக 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு கலந்த கிருமிநாசினியை அவர்கள் இரவில் மாட்டிக்கொள்ளும் பல் உறைக்குள் ஊற்றச் சொன்னார். ஈறு ஆறியது, பல்லும் வெளுத்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 1989-இல் ஹேவுட், ஹேமன் என்ற இரு பல் மருத்துவர்கள் இதை முறைப்படுத்தி ஆய்விதழில் வெளியிட்டார்கள். 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு வாய்க்குள் பிரிந்து ஏறத்தாழ 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு தருகிறது. அது எனாமலைத் தாண்டி அடியிலுள்ள டென்டினுக்குள் போய், நிறம் தரும் மூலக்கூறுகளை உடைக்கிறது. பல்லின் மஞ்சள் பெரும்பாலும் டென்டினுடையது. எனாமல் அதை ஊடுருவிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அளவெடுத்துச் செய்த உறையில், ஒவ்வொரு பல்லின் முன்பக்கமும் ஓர் அரிசியளவு ஜெல் வைத்து, இரவில் மாட்டிக்கொண்டு தூங்கி எழுந்தால் ஓரிரு வாரத்தில் மாற்றம் தெரியும். ஈறில் வழிந்த ஜெல்லைப் பிரஷ்ஷாலோ பஞ்சாலோ துடைத்துவிட வேண்டும். 2018-இல் வெளியான காக்ரேன் மறுஆய்வு 71 சோதனைகளை அலசி, வீட்டு வெளுப்பு குறுகிய காலத்தில் பலன் தருவதாகச் சொன்னது. அந்தச் சான்றுகளின் தரம் குறைவு என்பதையும், செறிவு கூடக்கூடப் பல் கூச்சமும் ஈறு எரிச்சலும் கூடுகின்றன என்பதையும் அதே ஆய்வு சேர்த்தே சொன்னது.

அந்தப் பல் கூச்சம்தான் கம்பி கழற்றியவர்களுக்கு இரட்டிப்புக் கவலை. பெராக்சைடு சில நிமிடங்களிலேயே பல்லின் நரம்புவரை எட்டக்கூடியது. தாது கரைந்த திட்டு வழியாக, கவனிக்காத சிறு சொத்தை வழியாக, பல் நகர்ந்ததில் ஈறு இறங்கி வெளிப்பட்ட வேர் வழியாக அது இன்னும் எளிதாகப் போகும். பெரும்பாலோருக்குக் கூச்சம் சில நாளில் தணிந்துவிடும் என்பது உண்மை; ஆனால் சொத்தை அடைக்கப்படாத பல்லில் அது வெறும் கூச்சமாக நிற்காது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெளுத்த பல்லில் தங்கும் ஆக்சிஜன், பிசின் இறுகுவதைத் தடுக்கும். ஆகவே பல் மறுபடி நகராமலிருக்க அதன் பின்பக்கம் ஒட்டும் நிரந்தர ரீடெய்னர் கம்பியோ, உடைந்த ஓரத்தை அடைப்பதோ பாக்கி இருந்தால் வெளுத்தபின் ஓரிரு வாரம் பொறுக்க வேண்டும். ரீடெய்னரைத் தள்ளிப்போடும் அந்த ஓரிரு வாரத்திலேயே பல் நகரத் தொடங்கிவிடும். நிறத்தின் அவசரத்தில் வரிசையை இழப்பது, இரண்டு வருட உழைப்பையும் செலவையும் வீணாக்குவது.

வயதையும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் கொண்டுவந்து 2012 அக்டோபர் முதல் நடைமுறைப்படுத்திய விதி, 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம் வரை ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள வெளுப்புப் பொருட்களைப் பல் மருத்துவர்களுக்கு மட்டுமே விற்கலாம் என்கிறது. முதல் முறை பல் மருத்துவரின் கையிலோ மேற்பார்வையிலோ நடக்க வேண்டும். அதன் பிறகே நோயாளி வீட்டில் தொடரலாம். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பயன்படுத்தவே கூடாது. கம்பி போடுபவர்களில் பெரும்பங்கு பள்ளிப் பிள்ளைகள். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ கழற்றுகிறார்கள். பல்லின் நரம்பறை அகலமாக இருக்கும் வயது அது. அந்தப் பிள்ளையின் கையில் யாரும் எதுவும் கேட்காமல் ஒரு ஜெல் பெட்டி வந்து சேர்வதைப் பெற்றோர் அனுமதிக்கக் கூடாது.

ரசாயனமே வேண்டாம், பாட்டி கரியும் உப்பும் வைத்துத்தானே தேய்த்தார், அவருக்குப் பல் கெட்டதா என்ற கேள்வி வரும். கரி கறையை எடுக்கும் என்பது உண்மை. சுரண்டி எடுக்கும். அதே சுரண்டல் வருடக்கணக்கில் எனாமலையும் மெலியவைக்கும்; எனாமல் மெலிந்தால் அடியிலுள்ள மஞ்சள் டென்டின் இன்னும் தூக்கலாகத் தெரியும். அந்தத் தலைமுறையின் பற்களில் கழுத்தோரம் குழிந்து தேய்ந்தவை எத்தனை என்பது வீட்டில் மூத்தவர்களின் வாயைப் பார்த்தாலே தெரியும். 2017-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்க இதழில் வந்த மறுஆய்வு, கரிப் பற்பசைகள் பாதுகாப்பானவை என்பதற்கோ பலன் தருபவை என்பதற்கோ போதிய மருத்துவச் சான்று இல்லை என்றது. எலுமிச்சை அதைவிட மோசம். அதன் சாற்றின் பி.எச். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில். ஏற்கெனவே தாது இழந்த பல்லில் அதைத் தடவுவது, இரண்டு வருடம் பாக்டீரியா செய்த வேலையைத் தொடர்ந்து செய்வது. சோடாவோடு கலந்தால் நுரைக்கிறதே என்றால், அது கரியமில வாயு வெளியேறும் நுரை. அதற்கு வெளுக்கும் சக்தி கிடையாது. பழமும் சோடாவும் பல்லை வெளுக்குமா என்று 2014-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ராபெரியை வைத்துச் சோதித்தார்கள், வெளுக்கவில்லை. பாட்டியின் பல்லை யாரும் அமிலத்தால் அரித்துப் பிசின் ஒட்டியதுமில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

கடையில் விற்கும் ‘ஒயிட்டனிங்’ பற்பசை நடுத்தரமான விஷயம். வெளிக்கறையை நீக்கும்; உள்நிறத்தைத் தொடாது. சிலவற்றில் நீல நிறமி இருக்கும்: சலவை வேட்டிக்கு நீலம் போட்டால் மஞ்சள் அமுங்கி வெள்ளையாகத் தோன்றுவது போலவே பல்லிலும் செய்யும், சில மணி நேரத்தில் போய்விடும். ஒரு நாள் நிகழ்ச்சிக்கு அது போதும், கெடுதலும் இல்லை. வீட்டுப் பெட்டியோடு வரும் நீல விளக்கைப் பொறுத்தவரை, வேலை செய்வது ஜெல்தான். விளக்கு நீடித்த கூடுதல் பலன் தருவதாக நம்பத்தக்க சான்று இல்லை.

செலவு பற்றிய எதிர்ப்பு நியாயமானது. கம்பிக்கே தவணை கட்டி முடித்த குடும்பத்திடம் மறுபடி பணம் எடுக்கச் சொல்ல முடியாது. ஆனால் நான் சொல்லும் வரிசையில் செலவு குறையவே செய்யும். ஒரு முழுமையான பாலிஷ், ஒரு கிளீனிங், மூன்று மாதப் பொறுமை, சாதாரண பற்பசை: பலருக்கு இதோடு தேவை முடிந்துவிடும். முதல் இரண்டும் கம்பிக் கட்டணத்துக்குள்ளேயே அடங்க வேண்டியவை. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளின் புறநோயாளர் பிரிவில் காட்டி ஆலோசனை கேட்கவும் வழி உண்டு. வெளுத்தே ஆக வேண்டும் என்றால், ஏற்கெனவே அளவெடுத்துச் செய்த ஒளிபுகும் ரீடெய்னரையே உறையாகப் பயன்படுத்த முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். சிலருக்கு முடியும், தனி உறைச் செலவு மிச்சம். அடுத்த மாதம் கல்யாணம், மூன்று மாதம் எங்கே பொறுப்பது என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது: முகூர்த்த நாளைக் கம்பி போடும்போதே சொல்லிவிட வேண்டும். கழற்றும் மாதத்தை அதற்கேற்ப முன்னதாக வைத்துக்கொள்ள மருத்துவரால் ஓரளவு முடியும். அதுவும் இயலாவிட்டால் நல்ல பாலிஷ் மட்டுமே அன்றைய புகைப்படத்துக்குப் போதுமான மாற்றம் தரும்.

இன்னொரு எதிர்ப்பு மதிக்கத்தக்கது: சிவப்பழகு கிரீம் விற்ற சந்தைதான் இப்போது வெள்ளைப் பல்லை விற்கிறது, எதற்கு இந்த மோகம்? காகித வெள்ளையில் எந்த மனிதப் பல்லும் முளைப்பதில்லை என்பதை உரக்கச் சொல்ல வேண்டும். இளமஞ்சள்தான் நலமான பல்லின் நிறம். அதே நேரத்தில், தெற்றுப்பல்லுக்காக வாயைப் பொத்திச் சிரித்த பெண், கம்பி கழற்றிய பிறகு திட்டுக்காக மறுபடி வாயைப் பொத்துகிறாள் என்றால் அதை வீண் மோகம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அவள் கேட்பது வெள்ளையல்ல, ஒரே சீரான நிறம். அது கேட்கத்தக்க கேள்வி, தீர்க்கத்தக்க குறை.

மருத்துவர்கள் சொல்லக்கூடிய பதில் ஒன்று உண்டு: ஒழுங்காகத் துலக்காத நோயாளிக்கு நாங்கள் என்ன செய்வது? துலக்கும் பொறுப்பு நோயாளியுடையது, மறுக்கவில்லை. ஆனால் பாதிப் பேருக்கு ஏற்படும் ஒரு விளைவைத் தனி மனிதரின் சோம்பல் என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. மாதாமாதம் கம்பியை முடுக்க வரும்போது ஈறோரத்தைப் பார்த்து, திட்டு தொடங்கியதும் எச்சரித்து, தேவைப்பட்டால் கம்பியை முன்கூட்டியே கழற்றும் முடிவை எடுக்கக்கூடியவர் மருத்துவர்தான். அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் நாட்டு விதிகள், பற்பசையில் ஃப்ளூரைடு 1000 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்றும், அந்த அளவைக் குழாயிலும் அட்டையிலும் அச்சிட வேண்டும் என்றும் சொல்கின்றன. பெராக்சைடு ஜெல்லுக்கும் அதே கறார் வேண்டும்: செறிவு தமிழிலும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அல்ல என்ற வரியும் இருக்க வேண்டும். அது வரும்வரை, செறிவு எவ்வளவு என்று போடாத ஜெல்லை யாரும் வாங்க வேண்டாம். கிளினிக்குகள் சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கழற்றும் நாளில் ரீடெய்னரோடு ஒரு தாளும் தரலாம்: எந்தப் பல்லில் திட்டு இருக்கிறது, அது கம்பிக்கு முன்பே இருந்ததா, மூன்றாவது மாதம் எந்தத் தேதியில் கட்டணமில்லாமல் வந்து காட்ட வேண்டும், அதுவரை எதைத் தடவக் கூடாது. முன்பின் எடுத்த புகைப்படங்களை அதோடு நோயாளியின் கைபேசிக்கும் அனுப்பிவிட்டால், மூன்று மாதம் கழித்து எந்த மருத்துவரிடம் போனாலும் பேச்சு அங்கிருந்தே தொடங்கும்.